எல்லாச் சர்க்கரையும் ஒரே சர்க்கரை இல்லை!

"உங்க குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை இருக்கா?" என்று கேட்டால், 'இல்லை' என்று சொல்கிற வீடு இன்று அபூர்வம். அப்பாவுக்கு இருக்கும், அத்தைக்கு இருக்கும், மாமாவுக்கு இருக்கவே இருக்கும். 'பரம்பரை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்த ஒரு வார்த்தைக்குள்ளே எத்தனை விதமான நோய்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன என்பதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

நான் சித்த மருத்துவன். பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்தவன். 'உமக்கு எதுக்கய்யா ஜீன் சமாச்சாரம்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல ஒரு பெண்ணின் கதையைச் சொல்லியாக வேண்டும். அதில் நான் செய்த தப்பும் இருக்கிறது.

கழுத்தில் போகாத 'அழுக்கு'

2008-ம் வருஷம். ஒரு தாய் தன் பதினாறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு என் வைத்தியசாலைக்கு வந்தார். "கழுத்துல அழுக்கு போகவே மாட்டேங்குதுய்யா. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ச்சும் பார்த்துட்டேன்" என்றார். பார்த்தேன். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கருத்து, வெல்வெட் துணி மாதிரி தடித்திருந்தது. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. மேலுதட்டில் லேசாக மீசை அரும்பியிருக்கிறது. டவுனில் ஒரு டாக்டர் ரத்தம் பார்த்து, சர்க்கரை 240 என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்.

பெண்ணுக்கு முகம் உருண்டை. தாடைக்குக் கீழே சதை. ஆனால் கையும் காலும் வற்றல். வற்றல் என்றால் சும்மா மெலிவு இல்லை. ஓட்டப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் மாதிரி கெண்டைக்கால் சதை உருண்டு நிற்கிறது, நரம்பு புடைத்துத் தெரிகிறது. "பெரியமனுஷி ஆனதுல இருந்துதான்யா இப்படி மெலிஞ்சு போயிட்டா" என்றார் தாய்.

நான் என்ன செய்தேன்? கழுத்துக்கு ஒரு தைலம் கொடுத்தேன். ஆவாரைக் குடிநீர் எழுதினேன். டவுன் டாக்டரின் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த மட்டில் புண்ணியம். பிறகு, பிள்ளை மெலிந்திருக்கிறாளே என்று, "இனிப்பை நிறுத்துங்க, அரிசியைக் குறைங்க. கருப்பட்டி போடாம உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் தாராளமா ஊத்திக் கொடுங்க" என்றேன். பூப்பெய்திய பெண்ணுக்கு நம் பக்கத்தில் காலங்காலமாகக் கொடுப்பதுதானே!

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணுக்கு மேல்வயிற்றில் கடுமையான வலி. முதுகு வரைக்கும் குத்தி இழுக்கிறது. ஓயாத வாந்தி. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் எடுத்துக் குழாயில் வைத்தால், மேலே பால் ஏடு மாதிரி வெள்ளையாக மிதந்ததாம். டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 150-க்குள் இருக்க வேண்டும். அவளுக்கு 2000-க்கு மேல். அந்தக் கொழுப்பினால் கணையம் வெந்து வீங்கியிருந்தது. உயிருக்கே ஆபத்தான நிலை.

அங்கே இருந்த ஒரு பெண் மருத்துவர் கழுத்தைப் பார்த்துவிட்டு, காலைப் பார்த்திருக்கிறார். பிறகு தாயிடம், "நீங்க சேலையைக் கொஞ்சம் தூக்குங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார். தாய்க்கும் அதே உருண்ட கெண்டைக்கால், அதே புடைத்த நரம்பு! "எங்க ஆத்தாளுக்கும் இதே காலுதாம்மா. வயக்காட்டுல உழைச்ச காலுன்னு ஊரே சொல்லும்" என்றாராம். அந்த ஆத்தாள் நாற்பத்தாறு வயதில் நெஞ்சுவலியில் போனவர்.

நான் பார்க்கப் போனபோது அந்த மருத்துவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. உட்காரவைத்து விளக்கினார். அவர் சொன்னதையும், அதன் பிறகு நான் தேடித் தேடிப் படித்ததையும்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

குலுக்கை இல்லாத வீடு

நோயின் பெயர் 'ஃபேமிலியல் பார்ஷியல் லிப்போடிஸ்ட்ரோஃபி'. குடும்பத்தில் வழிவழியாக வரும் பகுதிக் கொழுப்பிழப்பு என்று சொல்லலாம். ஸ்காட்லாந்தில் டன்னிகன் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 1974-ல் இதை விவரித்து எழுதினார்கள். எல்.எம்.என்.ஏ. என்ற ஜீனில் வரும் பிழைதான் இதன் காரணம் என்பது 2000-ல் தெரியவந்தது.

நம் உடம்பில் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை நாம் சத்துரு மாதிரி பார்க்கிறோம். உண்மையில் அது ஒரு குலுக்கை. அறுவடையான நெல்லைக் கொட்டி வைப்போமே, அதே மாதிரி. சாப்பிட்டதில் மிச்சமாவதை உடம்பு அங்கேதான் சேமிக்கிறது. இந்த நோயில் வயசுக்கு வரும் பருவத்தில் கை, கால், இடுப்புக் குலுக்கைகள் கரைந்து போய்விடுகின்றன. முகத்திலும் கழுத்திலும் மட்டும் மிஞ்சுகிறது. நெல் வருவது நிற்கவில்லையே! குலுக்கை இல்லாத வீட்டில் நெல்லை எங்கே கொட்டுவது? முற்றத்தில், அடுப்படியில், படுக்கிற இடத்தில். அதே போல் கொழுப்பு ஈரலில் போய் அடைகிறது, தசைக்குள் புகுகிறது, ரத்தத்தில் மிதக்கிறது. கொழுப்பு அடைத்த ஈரலும் தசையும் இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. கணையம் இன்னும், இன்னும் என்று இன்சுலினைக் கொட்டுகிறது. ஒரு கட்டத்தில் அதுவும் சோர்ந்துபோக, சர்க்கரை ஏறுகிறது.

இப்போது புரிகிறதா நான் செய்த தப்பு? குலுக்கை இல்லாத வீட்டுக்கு வண்டி வண்டியாக நெல் அனுப்பினேன். மெலிந்த உடம்பைப் பார்த்துவிட்டு எண்ணெயைக் கூட்டினேன். அவளுக்குச் சர்க்கரையைவிட எண்ணெயும் நெய்யும்தான் அவசரமான எதிரி.

அப்படியானால் கழுத்து ஏன் கறுக்கிறது? அளவுக்கு மீறி ஊறும் இன்சுலின், சர்க்கரை வேலையோடு நிற்காமல் தோலின் செல்களையும் 'வளர், வளர்' என்று தூண்டிவிடுகிறது. தோல் தடித்துக் கறுக்கிறது. சூலகத்தைத் தூண்டும்போது ஆண் ஹார்மோன் கூடி மீசை அரும்புகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது. ஆக அது அழுக்கே இல்லை. பீர்க்கங்கூடு, எலுமிச்சம்பழத்தோல் எதற்கும் அசையாது. தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையின் தோலைப் புண்ணாக்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய்க் கழுத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். கழுத்துக் கறுப்போடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் சாதாரண உடல் பருமன்தான். எடை குறைந்தால் கறுப்பும் குறையும். நான் சொல்வது, ஒல்லியாக இருந்தும் கழுத்து கறுத்திருப்பவர்களைப் பற்றி. அங்கேதான் 'ஏன்?' என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

உடம்பில் எங்குமே கொழுப்பு இல்லாமல் பிறக்கிற குழந்தைகளும் உண்டு. பிரேசிலில் பெரார்டினெல்லி 1954-லும், நார்வேயில் சைப் 1959-லும் இவர்களைப் பற்றி எழுதினார்கள். இந்தக் குழந்தைகளுக்குப் பசி அடங்கவே அடங்காது. 'பாவம், வளர்ற பிள்ளை' என்று அள்ளி அள்ளிக் கொடுப்பார்கள். 'வயிறு நிறைந்தது' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்புச் செல்லில்தான் ஊறுகிறது. இது 1994-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்பே இல்லாத உடம்பில் அந்தச் சேதியைச் சொல்ல ஆளில்லை! செயற்கை லெப்டின் ஊசிக்கு 2014-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். விலை சாமானியர்கள் எட்டக்கூடியதாக இல்லை.

கதவு தட்டியும் திறக்காத வீடு

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்களுக்குக் குலுக்கையில் பழுதில்லை, கதவில் பழுது. இன்சுலின் என்பது செல்லின் கதவைத் தட்டுகிற விருந்தாளி. தட்டும் சத்தத்தைக் கேட்க ஒவ்வொரு செல்லிலும் ஒரு காது இருக்கிறது. இன்சுலின் ஏற்பி என்பார்கள். அந்தக் காதைச் செய்கிற ஜீனே பழுதானால்? 1976-ல் அமெரிக்காவின் பெதஸ்தா நகர ஆய்வாளர்கள், கழுத்துக் கறுப்பும் கடுமையான இன்சுலின் எதிர்ப்பும் சேர்ந்திருந்த பெண்களைப் பரிசோதித்து, கோளாறு இந்த ஏற்பியில்தான் என்று காட்டினார்கள். ஜீனில் உள்ள பிழையே 1988-ல் கைக்குச் சிக்கியது.

பழுது லேசாக இருந்தால் வயசுக்கு வரும் பருவத்தில் தெரியும். நடுத்தரமாக இருந்தால் சிறு வயதிலேயே தெரியும். பல் முந்தி முளைக்கும், நகம் தடிக்கும், தோல் கறுக்கும். ராப்சனும் மெண்டன்ஹாலும் 1956-ல் ஒரே வீட்டில் மூன்று குழந்தைகளிடம் இதைப் பார்த்தார்கள். பழுது முழுமையாக இருந்தால் குழந்தை கருவிலேயே வளர்ச்சி குன்றிப் பிறக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்துக்கு மேல் தங்குவதில்லை. டோனஹியூ என்பவர் 1948-ல் எழுதிய நோய் இது. கடைசி இரண்டும் தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால்தான் வரும். அக்கா மகளையும் அத்தை மகளையும் கட்டுகிற நம் வழக்கத்தில் அதற்கு வாய்ப்பு கூடுகிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

மாத்திரை ஜெயித்த இடம்

இதுவரை சொன்னது, இன்சுலின் இருந்தும் பலிக்காத கதை. இன்சுலின் ஊறுவதிலேயே ஜீன் கோளாறு இருப்பவர்கள் வேறு. அதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது.

பிறந்து ஆறு மாதத்துக்குள் ஒரு குழந்தைக்குச் சர்க்கரை நோய் வந்தால், அது நாம் வழக்கமாகச் சொல்கிற குழந்தைச் சர்க்கரையாக (முதல் வகை) இருப்பது மிக மிக அரிது. அனேகமாக ஒற்றை ஜீனின் பிழையாகத்தான் இருக்கும். கணையத்தின் இன்சுலின் செல்லில் பொட்டாசியம் வெளியேற ஒரு மடை இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் மடை அடைபடும். அடைபட்டால்தான் இன்சுலின் வெளியே வரும். இந்தக் குழந்தைகள் பலருக்கு அந்த மடை அடைபடாமல் திறந்தே கிடக்கிறது. இன்சுலின் உள்ளே இருந்தும் வெளியே வரவில்லை! 2004-ல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகர ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள்.

அந்த மடையை நேரடியாக அடைக்கிற மருந்து ஏற்கெனவே மெடிக்கல் ஷாப்பில் கிடந்தது. பெரியவர்களுக்குக் கொடுக்கிற பழைய, மலிவான கிளிபென்கிளமைடு மாத்திரை! 2006-ல் வெளியான ஆய்வில், இப்படிப்பட்ட 49 பேருக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் 44 பேர் இன்சுலின் ஊசியையே விட்டுவிட்டார்கள். பிறந்ததிலிருந்து தினமும் ஊசி குத்திக்கொண்டிருந்தவர்கள். சர்க்கரைக் கட்டுப்பாடும் முன்னைவிட மேலாக இருந்தது.

உடனே 'எங்க பிள்ளைக்கும் ஊசியை நிறுத்திப் பார்க்கலாமா?' என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஜீன் பரிசோதனை செய்து, இந்தப் பிழைதான் என்று உறுதியாகி, ஆஸ்பத்திரியில் மருத்துவர் பக்கத்தில் இருந்து மாற்ற வேண்டிய விஷயம் இது. சாதாரணக் குழந்தைச் சர்க்கரையில் ஊசியை நிறுத்தினால் சில நாளில் பிள்ளை மயங்கி விழும். ஊசியை நிறுத்தச் சொல்லிச் சூரணம் கொடுப்பவர் எங்கள் வைத்திய முறையைச் சேர்ந்தவராக இருந்தாலும் அவரிடம் போகாதீர்கள்.

வைத்தியருக்குப் பேர் வாங்கிக் கொடுக்கும் சர்க்கரை

இன்னொரு ரகம் வேடிக்கையானது. இளம் வயதிலேயே, ஒல்லியான ஆட்களுக்கு, தலைமுறை தலைமுறையாக வருகிற சர்க்கரையை ஆங்கில எழுத்துகளில் எம்.ஓ.டி.ஒய். என்பார்கள். சேர்த்து உச்சரித்தால் வேறு ஞாபகம் வரும் என்பதால் எழுத்தெழுத்தாகவே சொல்கிறேன்! டாட்டர்சால் என்ற ஆங்கில மருத்துவர் 1974-ல் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். அதில் பல பிரிவுகள். குளுக்கோகைனேஸ் என்ற ஜீனில் பிழை இருப்பவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை பிறந்ததிலிருந்தே நூறுக்கு மேல், அதிகம் போனால் 140-145 வரை நிற்கும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. கண், சிறுநீரகம் கெடுவதும் அபூர்வம். கர்ப்ப காலம் தவிர மருந்தே தேவைப்படுவதில்லை.

இவர்கள் ஆங்கில மருத்துவரிடம் போனால், 'என் மாத்திரையில்தான் கட்டுப்பாடாக இருக்கிறது' என்பார். என்னிடம் வந்தால் நானும் 'எல்லாம் சிறுகுறிஞ்சான் மகிமை' என்று மீசையை முறுக்குவேன். இருவரும் ஒன்றும் செய்யவில்லை! பத்து வருஷம் கஷாயம் குடித்து 'அப்படியே நிக்குதுய்யா' என்று பாராட்டியவர்கள் சிலரை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

இதே குடும்பத்தின் இன்னொரு பிரிவு, எச்.என்.எஃப். ஒன்று ஆல்ஃபா. அது அப்படி நிற்காது, ஏறிக்கொண்டே போகும். ஆனால் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்குக் குறைந்த அளவிலேயே கட்டுப்படும். காது கேளாமையும் சர்க்கரையும் தாய்வழியில் மட்டும் சேர்ந்து வந்தால் அது வேறு. தாயிடமிருந்து மட்டுமே வருகிற மைட்டோகாண்ட்ரியா ஜீனில் பிழை. பிள்ளைக்குச் சர்க்கரை, காது கேளாமை, ரத்தசோகை மூன்றும் சேர்ந்திருந்தால் பி1 வைட்டமினை அதிக அளவில் கொடுத்தாலே ரத்தசோகை தேறி, சர்க்கரையும் இறங்குகிற ஒரு நோய் இருக்கிறது. சர்க்கரையோடு பார்வையும் மங்கி வந்தால் வுல்ஃப்ராம் நோயா என்று பார்ப்பார்கள். எல்லாம் அரிதிலும் அரிது. ஆனால் வருகிற வீட்டுக்கு அது அரிது இல்லையே!

பழைய ஏட்டில் ஒரு பிரிவு

நம் முன்னோர்களுக்கு ஜீன் தெரியாது. ஆனால் கண் இருந்தது. மேகத்தை இருபதாகப் பிரித்தார்கள். சுசுருதர் இன்னொரு விதமாகவும் பிரித்தார். உடன் பிறந்தது ஒன்று, தின்று கெடுத்துக்கொண்டது ஒன்று. பிறவியில் வந்தவன் மெலிந்து, வறண்டு, தாகத்தோடு அலைவான். தின்று வரவழைத்தவன் பருத்து, சாப்பாட்டிலும் தூக்கத்திலும் கிடப்பான் என்கிறார். கல்லூரியில் பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்தவன் நான். அந்தப் பதினாறு வயதுப் பெண் எதிரில் வந்து உட்கார்ந்தபோது ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

இப்போது சர்க்கரை என்று யார் வந்தாலும் நாடி பார்ப்பதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்கிறேன். நீங்களும் உங்கள் மருத்துவரிடம் போகும்போது பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எந்த வயதில் முதன்முதலில் சர்க்கரை தெரிந்தது? ஆறு மாதத்துக்குள்ளா, இருபத்தைந்துக்கு முன்னாலா? பாட்டி, அம்மா, நீங்கள் என்று மூன்று தலைமுறையில் வரிசையாக வந்திருக்கிறதா? எடை கூடாமலே வந்ததா? யாருக்காவது காது, கண் கோளாறு உண்டா? இளம் வயதில் நெஞ்சுவலி, கணைய வீக்கம் உண்டா? தாய் தகப்பன் ரத்த சொந்தமா? நூறு யூனிட், இருநூறு யூனிட் இன்சுலின் போட்டும் சர்க்கரை இறங்கவில்லையா? இதில் சிலவற்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் ஜீன் பரிசோதனை தேவையா என்று ஹார்மோன் நிபுணரிடம் கேளுங்கள். சென்னையில் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனில் பல வருஷங்களாக இந்தப் பரிசோதனைகளைச் செய்து, நம் ஊர்க் குழந்தைகளைப் பற்றியும் குடும்பங்களைப் பற்றியும் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் தேவைப்படுகிற பரிசோதனை இல்லை இது. வீணாகக் காசைக் கொட்டவும் வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு வருவோம். கணைய வீக்கம் தணிந்து பிழைத்துக்கொண்டாள். எண்ணெயை ஸ்பூனால் அளந்துதான் தாளிக்கிறார்கள். மெட்ஃபார்மின், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, இன்சுலின் மூன்றும் உண்டு. மாதவிலக்குக்காக வேறொரு இடத்தில் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எழுதியிருந்தார்கள். அது டிரைகிளிசரைடை இன்னும் ஏற்றிவிடும் என்று அந்த மருத்துவர்தான் நிறுத்தினார். இதே நோய் உள்ள பெண்கள் யாராவது படித்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சில வருஷம் கழித்து ஜீன் பரிசோதனையும் செய்தார்கள். எல்.எம்.என்.ஏ.தான். தாய்க்கும் அதே பிழை. இந்தப் பிழை இருப்பவரின் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதால் தம்பிக்கும் பார்த்தார்கள். அவனுக்கு இல்லை. ஆண்களுக்கு இருந்தாலும் சீக்கிரம் கண்ணில் படாது, உடற்பயிற்சி செய்த உடம்பு என்று விட்டுவிடுவார்கள். தாய்க்கு இதயப் பரிசோதனை செய்ததில் ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு ஆரம்பித்திருந்தது. மாத்திரை சாப்பிடுகிறார்.

தாயின் தங்கை ஒருத்தர் இருக்கிறார். என்னிடம் மூட்டுவலித் தைலம் வாங்க வருகிறவர். வயது நாற்பத்து நாலு. அதே கால். "எனக்கு என்னய்யா குறைச்சல், கல்லு மாதிரி இருக்கேன். ரத்தமெல்லாம் கொடுக்க மாட்டேன்" என்கிறார். போன மாசமும் சொல்லிப் பார்த்தேன். தைலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.